ஷீட்டிலிருந்து கேலண்டர் அழைப்பு அனுப்பும் ஸ்கிரிப்ட்: இரட்டை அழைப்பு, பத்து நிமிடப் பிசகு, போயா தினம்

குறிஞ்சி_ஹட்டன் (கேள்வி)

வணக்கம். ஹட்டனில் இருக்கும் எங்கள் காரியாலயத்தின் கீழ் பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, நானுஓயா பக்கம் 16 கள உத்தியோகத்தர்கள் வேலை செய்கிறார்கள். எல்லாரும் தோட்டத்துப் பிள்ளை மடுவங்களுக்கு (குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள்) பொறுப்பானவர்கள். மாதாந்தக் கூட்டங்களை ஒரு கூகுள் ஷீட்டில் போட்டு, அங்கிருந்து கூகுள் கேலண்டர் அழைப்பு தானாகப் போகும்படி ஆப்ஸ் ஸ்கிரிப்டில் (ஷீட், கேலண்டர் போன்றவற்றை இயக்க கூகுள் தரும் நிரல் வசதி) எழுதியிருக்கிறேன். ஷீட்டில் ஆறு கொலம்: திகதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், தலைப்பு, இடம், அழைக்கப்படுவோரின் மின்னஞ்சல்கள். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரியாகப் படித்து, திகதியின் மில்லிசெக்கனோடு நேரத்தின் மில்லிசெக்கனைக் கூட்டி, அதிலுள்ள கேலண்டர்ஆப் சேவையின் கிரியேட்ஈவென்ட் கட்டளை மூலம் நிகழ்வை உருவாக்குகிறது.

ஓடுகிறது, ஆனால் இவ்வளவு பிழைகள்:

என் கேலண்டரில் நிகழ்வு விழுகிறது, அழைக்கப்பட்டவர்களுக்கு மின்னஞ்சல் போகவில்லை. திரும்ப ஓட்டினால் ஒரே கூட்டம் இரண்டாகிறது. 9.30 என்று போட்டது கேலண்டரில் 9.40க்கு நிற்கிறது, எல்லா வரியிலும் இதே பிசகுதான். ஷீட்டில் திகதியை மாற்றினால் பழைய நிகழ்வு அப்படியே இருக்க, புதிதாக இன்னொன்று வருகிறது.

அதோடு, மாதத்தின் முதல் செவ்வாய் பிரிவுக் கூட்டம், இரண்டாம் வியாழன் மீளாய்வு. அவை போயாவிலோ (பௌர்ணமி விடுமுறை) 10ஆம் திகதிச் சம்பள நாளிலோ விழுந்தால் தானாகத் தள்ளிப்போக வேண்டும். தோட்டக் கம்பனிப் பக்கம் மூன்று பேர் அவுட்லுக் பாவிக்கிறார்கள், அவர்களுக்குத் தனியாக ஏதாவது எழுத வேண்டுமா?

டிக்கோயா_கீபோர்ட்

மின்னஞ்சல் போகாததற்குக் காரணம் சின்னது. கிரியேட்ஈவென்ட்டின் நான்காவது உள்ளீட்டில் "சென்ட்இன்வைட்ஸ்" என்று ஒரு தெரிவு இருக்கிறது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளும். "கெஸ்ட்ஸ்" தெரிவும் பட்டியலாக அல்ல, கமா போட்டுப் பிரித்த ஒரே எழுத்துச் சரமாகத்தான் போக வேண்டும். ஆனால் அதை மட்டும் திருத்திவிட்டு நிற்காதீர்கள். இரட்டிப்பையும் திகதி மாற்றத்தையும் கேலண்டர்ஆப்பை வைத்துத் தீர்ப்பது கடினம்: நிகழ்வின் ஐடியை நாமே கொடுக்க அது விடாது, நேரத்தை மாற்றும்போது அறிவிப்பு போகணுமா வேண்டாமா என்று சொல்லவும் அதில் இடமில்லை.

எடிட்டரின் இடப்பக்கம் "சேர்விசஸ்" பக்கத்தில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி கூகுள் கேலண்டர் ஏபிஐயை (நிரல் கேலண்டரோடு நேரடியாகப் பேசும் வழி) சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஈவென்ட்ஸ் என்பதன் கீழ் இன்சர்ட் (புதிதாக உருவாக்கல்), பேட்ச் (இருப்பதை மாற்றல்), ரிமூவ் (நீக்கல்) மூன்றும் நேரடியாகக் கிடைக்கும். மூன்றிலும் "சென்ட்அப்டேட்ஸ்" என்ற தெரிவுக்கு "ஆல்" என்று கொடுத்தால் எல்லாருக்கும் அறிவிப்பு போகும், "நன்" என்று கொடுத்தால் யாருக்கும் போகாது.

இனி ஐடி. ஷீட்டில் இன்னும் மூன்று கொலம் சேருங்கள்: ஐடி, நிலை, கைரேகை. கேலண்டர் ஏபிஐ ஏற்கும் ஐடியில் ஆங்கிலச் சிறிய எழுத்து ஏ முதல் வீ வரையும், 0 முதல் 9 வரையும் மட்டும் இருக்கலாம். நீளம் 5 முதல் 1024 வரை. தமிழ்த் தலைப்பையோ கோடு போட்ட திகதியையோ ஐடியாகக் கொடுத்தால் பிழை எறியும். யூட்டிலிட்டீஸின் கெட்யூயூஐடி தரும் சரத்திலிருந்து இடைக்கோடுகளை எடுத்துவிட்டால் மிஞ்சும் 32 எழுத்துகள் எல்லாம் 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரைதான், அப்படியே பாவிக்கலாம்.

பலர் பிழை விடும் இடம் இது: திகதியையும் தலைப்பையும் சேர்த்து ஐடி செய்வார்கள். திகதி மாறினால் ஐடியும் மாறும், பழைய நிகழ்வு அநாதையாகக் கேலண்டரில் கிடக்கும். வரி எண்ணை வைத்துச் செய்தால், யாராவது ஷீட்டை ஒருமுறை சோர்ட் பண்ணினாலே எல்லாம் குழம்பிவிடும். ஐடி ஒருமுறை பிறந்தால் அந்த வரியோடுதான் இருக்க வேண்டும், அதற்கு எந்த அர்த்தமும் இருக்கக்கூடாது.

வேலை ஓட்டம் இப்படி:

ஒவ்வொரு வரிக்கும்:
— திகதி கடந்துவிட்டதா? விட்டுவிடு.
— ஐடி கொலம் வெறுமையா? புதிய ஐடியை எழுதி உடனே ஃப்ளஷ் செய் (ஷீட்டில் அப்போதே பதியவை).
— நிலை "ரத்து" என்றால் அந்த ஐடியை ரிமூவ் செய், நிலையை "ரத்தானது" என்று மாற்று, அடுத்த வரிக்குப் போ.
— நிலை "ரத்தானது" என்றால் விட்டுவிடு.
— திகதி, நேரம், தலைப்பு, இடம், அழைக்கப்படுவோர் ஐந்தையும் சேர்த்து எம்டி5 கைரேகை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறுஞ்சரம்) எடு. பழையதோடு ஒத்துப்போனால் விட்டுவிடு.
— இன்சர்ட் செய். 409 (இந்த ஐடி ஏற்கெனவே உண்டு என்ற மறுப்பு) வந்தால் பேட்ச் செய்.
— இரண்டில் ஒன்று சரிவந்த பிறகு மட்டும் புதிய கைரேகையை எழுது.

ஐடியை முதலில் எழுதி, கைரேகையைக் கடைசியில் எழுதுவதில்தான் விஷயம் இருக்கிறது. நடுவில் ஸ்கிரிப்ட் நின்றுபோனாலும் அடுத்த ஓட்டத்தில் அதே ஐடியோடு இன்சர்ட் போகும். அந்த நிகழ்வு ஏற்கெனவே இருந்தால் கூகுள் 409 என்று மறுக்கும், நாம் பேட்ச் பக்கம் போவோம். இரட்டை விழ வழியே இல்லை. கேலண்டரில் கையால் அழித்த நிகழ்வின் ஐடிக்கும் 409தான் வரும், ஏனென்றால் அழித்தது "கேன்சல்ட்" நிலையில் உள்ளே கிடக்கும். அதனால் பேட்ச் செய்யும்போது "ஸ்டேட்டஸ்" என்பதை "கன்ஃபர்ம்ட்" என்று சேர்த்தே அனுப்புங்கள், திரும்ப உயிர் பெறும்.

பேட்ச்சில் ஒரு குழி. "அட்டெண்டீஸ்" பட்டியலை அனுப்பினால் பழைய பட்டியல் முழுவதும் அழிந்து புதியது உட்காரும். வெறும் மின்னஞ்சலை மட்டும் வைத்து அனுப்பினால், வருகிறேன் என்று பதில் போட்டவர்கள் எல்லாரும் மீண்டும் பதில் போடாதவர்களாக ஆகிவிடுவார்கள். முதலில் கெட் மூலம் இருக்கிற பட்டியலை எடுங்கள், ஒவ்வொருவரின் "ரெஸ்பொன்ஸ்ஸ்டேட்டஸ்" இருப்பதை அப்படியே வைத்து, புதியவர்களைச் சேருங்கள், நீங்கியவர்களை எடுங்கள். இடம் மட்டும் மாறினால் அட்டெண்டீஸை அனுப்பவே வேண்டாம்.

அடுத்தது பத்து நிமிடம். நேரம் மட்டும் உள்ள கலத்தை கெட்வேல்யூஸ் மூலம் படித்தால், அது 1899 டிசம்பர் 30ஆம் திகதியோடு சேர்ந்த ஒரு திகதிப் பொருளாக வரும். நேரவலயத் தரவின்படி அக்காலத்தில் இலங்கையின் நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 19 நிமிடம் 32 செக்கன் முன்னால் இருந்தது. ஐந்தரை மணி நேர வித்தியாசம் வந்தது 1906இல்தான். நீங்கள் மில்லிசெக்கனைக் கூட்டும்போது இன்றைய ஐந்தரை மணி வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடுகிறீர்கள். மிஞ்சும் 10 நிமிடம் 28 செக்கன்தான் உங்கள் 9.30ஐ 9.40 ஆக்குகிறது. பத்து நிமிடத்தைக் கழித்துச் சரிக்கட்டாதீர்கள்! அந்தக் கொலத்தை 24 மணி நேர வடிவத்துக்கு மாற்றி, கெட்டிஸ்ப்ளேவேல்யூஸ் மூலம் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகவே படியுங்கள். திகதியையும் அப்படியே. ஏபிஐக்கு எழுத்துச் சரம்தான் வேண்டும்: வருடம்-மாதம்-நாள், பெரிய டீ எழுத்து, நேரம், கடைசியில் +05:30. திகதிப் பொருள் என்ற ஒன்றையே தொடாமல் வேலை முடிந்துவிடும்.

நேரவலயம் மூன்று இடத்தில் இருக்கிறது: ஸ்கிரிப்ட் புராஜெக்ட் செட்டிங்ஸ், ஷீட்டின் ஃபைல் மெனுவுக்குக் கீழே செட்டிங்ஸ், கேலண்டரின் செட்டிங்ஸ். மூன்றும் கொழும்பு என்று இருக்கிறதா பாருங்கள்.

தானாக ஓட நேர டிரிகர் போடுங்கள். "காலை 6 முதல் 7 வரை" என்று போட்டால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் எப்போதாவது ஓடும், சரியாக 6க்கு என்று நம்ப வேண்டாம். ஷீட்டில் கை வைத்ததும் ஓட வேண்டுமென்றால் ஒன்எடிட் என்று பெயர் வைத்த எளிய ஃபங்ஷன் போதாது, அனுமதி தேவைப்படும் கேலண்டரை அதனால் தொட முடியாது. டிரிகர் பக்கத்தில் போய் நிறுவிய டிரிகர்தான் வேண்டும். இரண்டு ஓட்டம் மோதாமல் தொடக்கத்தில் லொக்சேர்விஸின் ஸ்கிரிப்ட் லொக்கை 30 செக்கன் முயன்று பாருங்கள், கிடைக்காவிட்டால் பேசாமல் வெளியேறட்டும். ஒரு ஓட்டத்துக்கு 6 நிமிடம்தான் எல்லை. உங்கள் அளவுக்கு அது தாராளம், ஆனாலும் வரிக்கு வரி ஒரு செக்கன் ஸ்லீப் வையுங்கள். குறுகிய நேரத்தில் அதிகம் உருவாக்கினால் கூகுள் மறுக்கும்.

கடைசியாக, டிரிகரை யார் கணக்கில் நிறுவுகிறீர்களோ அவர் பெயரில்தான் ஸ்கிரிப்ட் ஓடும். சொந்தக் கணக்கில் வைத்தால் அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அழைப்பெல்லாம் நின்றுபோகும். காரியாலயத்துப் பொதுக் கணக்கில் வையுங்கள். நல்ல மழைக்கு மின்சாரம் போனாலும் ஸ்கிரிப்ட் கூகுள் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும், காரியாலயக் கணினியை நம்பி இருக்கத் தேவையில்லை.

பதுளை_நாட்காட்டி

போயா பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

முதல் செவ்வாய், இரண்டாம் வியாழன் என்றதும் எல்லாரும் மீள்நிகழ்வு விதி போடத்தான் நினைப்பார்கள். வேண்டாம். தொடர் நிகழ்வு ஒன்றில் ஒவ்வொரு விதிவிலக்கையும் தனியாக வெட்டி ஒட்டுவதை விட, மாதத்துக்கு இரண்டு தனி வரி ஷீட்டில் உருவாக்குவது எவ்வளவோ சுத்தம். மேலே டிக்கோயாக்காரர் சொன்ன ஐடி முறைக்கும் அதுதான் பொருந்தும்.

கணக்கு இதுதான். மாதம் 1ஆம் திகதியின் கிழமை எண்ணை எடுங்கள் (ஞாயிறு 0, செவ்வாய் 2, வியாழன் 4). வேண்டிய கிழமையிலிருந்து அதைக் கழித்து, 7ஐக் கூட்டி, 7ஆல் வகுத்த மீதியோடு 1 கூட்டினால் முதலாவது வரும். இரண்டாவதுக்கு இன்னும் 7.

முதல் செவ்வாய் 1 முதல் 7க்குள்தான் விழும், சம்பள நாளோடு நேரடியாக மோதாது. இரண்டாம் வியாழன் 8 முதல் 14க்குள், அதுதான் மோதும். 2025 ஜூலையை எடுத்துப் பாருங்கள்: இரண்டாம் வியாழன் 10ஆம் திகதி, சம்பள நாளும் அதுதான், எசல போயாவும் அதுதான். ஸ்கிரிப்டைச் சோதிக்க இதைவிட நல்ல திகதி கிடையாது, விடை 11 வெள்ளி என்று வர வேண்டும். அதே வருடம் மார்ச் 13, அதுவும் இரண்டாம் வியாழன், மெதின் போயா. விடை 14.

தள்ளும் பகுதியை "இருந்தால் ஒரு நாள் கூட்டு" என்று ஒரே தடவை எழுதாதீர்கள். தடை இருக்கும்வரை ஒரு நாள், இன்னொரு நாள் என்று சுற்றாக எழுத வேண்டும். வெசாக்கின் மறுநாளும் விடுமுறை. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை இரண்டு நாள் சேர்ந்தே வரும். வெள்ளிக்கிழமைப் போயாவைத் தள்ளினால் சனி, ஞாயிறு நிற்கும். சுற்று பத்து நாளைத் தாண்டினால் நிறுத்தி அந்த வரியைச் சிவப்பாக்கிவிடட்டும், மனிதர் ஒருவர் பார்த்து முடிவு செய்யலாம்.

போயாவை ஸ்கிரிப்டில் கணக்கிட முயலவேண்டாம். சந்திர மாதம் ஏறக்குறைய 29 அரை நாள், அதனால் சில மாதங்களில் இரண்டு போயா வரும், "அதி" என்று பெயர் சேரும். பௌர்ணமி நள்ளிரவை ஒட்டி வந்தாலோ மறுநாள் காலையில் வந்தாலோ எந்த நாள் போயா என்பது அறிவிப்பைப் பார்த்தால்தான் தெரியும். மேலே சொன்ன மெதின் போயாவே அப்படித்தான்: பௌர்ணமி சரியாக நிறைந்தது 14ஆம் திகதி நண்பகலுக்குப் பின், போயா விடுமுறை 13. வானியல் சூத்திரத்தை நம்பியவர் கூட்டத்தைப் போயாவிலேயே வைத்திருப்பார்.

அரசு அறிவிக்கும் விடுமுறைப் பட்டியலை "விடுமுறை" என்ற தனித் தாளில் வருடத்துக்கு ஒருமுறை தட்டச்சு செய்யுங்கள். இருபத்தைந்து வரி போலத்தான் வரும். கூகுளின் இலங்கை விடுமுறைக் கேலண்டரை ஸ்கிரிப்டால் படிக்கவும் முடியும், ஆனால் அதில் விடுமுறை அல்லாத நினைவு நாட்களும் கலந்து வரலாம். சரிபார்க்க அது உதவும், மூலமாக வைக்க உதவாது. திகதிகளை எழுத்தாக, வருடம்-மாதம்-நாள் வரிசையில் வைத்து எழுத்தோடு எழுத்தாகவே ஒப்பிடுங்கள். திகதிப் பொருள் இரண்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் ஒரே நாளானாலும் "சமமில்லை" என்றுதான் ஜாவாஸ்கிரிப்ட் சொல்லும், எந்தப் போயாவும் பிடிபடாது.

தைப்பொங்கல் சில வருடம் ஜனவரி 14, சில வருடம் 15. தீபாவளியும் நகரும். போன வருடத் தாளைப் பிரதி எடுத்து வருடத்தை மட்டும் மாற்றாதீர்கள். தோட்டங்களில் சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் அரசு விடுமுறை முடிந்த பிறகும் இரண்டொரு நாள் ஆள் சேராது, அந்த நாட்களையும் அதே தாளில் நீங்களே சேர்த்துவிடலாம்.

கண்டி_சேர்வர்

அவுட்லுக் ஆட்கள் மூவருக்கும் தனி ஸ்கிரிப்ட் தேவையில்லை. கூகுள் அனுப்பும் மின்னஞ்சலோடு ஐசிஎஸ் கோப்பு (எல்லாக் கேலண்டரும் படிக்கும் பொது நிகழ்வுக் கோப்பு) ஒன்று போகும், அவுட்லுக் அதைக் கூட்ட அழைப்பாகவே காட்டும். அவர்கள் ஏற்றுக்கொண்டால் பதில் உங்கள் கேலண்டரில் பச்சைச் சரியாக வந்து சேரும். ஒரு நிபந்தனை: அவர்கள் அந்த மின்னஞ்சலை வேறொருவருக்கு ஃபோர்வர்ட் செய்து அவர் பதில் போட்டால் கணக்கு குழம்பும், அந்த நபரையும் பட்டியலில் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

கம்பனிப் பக்கமிருந்து அவர்களும் அழைப்பு அனுப்ப விரும்பினால்: பழைய அவுட்லுக்கில் விபிஏ (மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸின் உள்ளேயே எழுதும் நிரல்) எழுதலாம். அப்பொயின்ட்மென்ட் ஒன்றை உருவாக்கி, மீட்டிங்ஸ்டேட்டஸை 1 ஆக்க வேண்டும். அந்த ஒரு வரியை மறந்தால் அது வெறும் சொந்தக் குறிப்பாகவே நிற்கும், யாருக்கும் போகாது. பெறுநரின் வகை 1 கட்டாயம், 2 விருப்பம், 3 அறை அல்லது ப்ரொஜெக்டர் போன்ற வளம். சென்ட்டுக்கு முன் ரிஸோல்வ்ஆல் "ஆம்" என்று திருப்பித் தருகிறதா பாருங்கள். புதிய அவுட்லுக்கில் விபிஏ கிடையாது. அங்கே மைக்ரோசொஃப்டின் பவர் ஒட்டோமேட் அல்லது கிராஃப் ஏபிஐதான் வழி. கிராஃபில் "ட்ரான்ஸாக்ஷன்ஐடி" என்று ஒன்று கொடுக்கலாம், மேலே சொன்ன சொந்த ஐடி செய்யும் வேலையை அது செய்யும்.

சொந்தமாக ஐசிஎஸ் எழுதி அனுப்ப நினைக்கும் வேறு யாராவது இதைப் படித்தால், தமிழுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஐசிஎஸ்ஸின் விதி ஆர்எஃப்சி 5545. ஒரு வரி 75 பைட்டைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வரியை முறித்து அடுத்த வரியை ஓர் இடைவெளியோடு தொடங்க வேண்டும் என்கிறது. 75 எழுத்து அல்ல, 75 பைட். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். "சமரி" என்ற புலப்பெயரும் முக்காற்புள்ளியும் 8 பைட் எடுத்துவிடும், மிஞ்சிய 67இல் 22 குறியீடுதான் அடங்கும். "கூ" என்பதே இரண்டு குறியீடு, ஆக ஒரு சாதாரணத் தலைப்பே தாண்டிவிடும். ஆங்கிலத்துக்காக எழுதிய முறிப்பு ஃபங்ஷன் எழுத்தின் நடுப் பைட்டில் வெட்டினால் மறுபக்கம் கேள்விக்குறியும் கட்டமும்தான் தெரியும். பைத்தனில் ஐகேலண்டர் என்ற நூலகம் இதைச் சரியாகச் செய்யும், கையால் முறிக்காதீர்கள். திகதி மாற்றும்போது யூஐடி (ஐசிஎஸ்ஸில் நிகழ்வின் அடையாளம்) அதே இருக்க, "சீக்வென்ஸ்" எண் ஒன்று கூட வேண்டும். ரத்துக்கு மெதட் "கேன்சல்", அதே யூஐடி.

குறிஞ்சி_ஹட்டன்

மிக்க நன்றி அண்ணாமாரே. ஐடி முறைக்கு மாற்றியாயிற்று, ஐந்து தடவை ஓட்டியும் ஒரே நிகழ்வுதான். 9.30 இப்போது 9.30லேயே நிற்கிறது. ஜூலை 10 சோதனையும் 11 என்று வந்தது.

இரண்டு விஷயம் மிச்சம். மஸ்கெலியாப் பக்கம் நாலு பேருக்கு மின்னஞ்சல் வருகிறது, ஃபோன் கேலண்டரில் கூட்டம் தெரியவில்லை. மற்றது, முன்னறிவிப்பை 3 மணி நேரத்துக்கு முன் என்று ஸ்கிரிப்டில் வைத்தேன், எனக்கு மட்டும் ஒலிக்கிறது, அவர்களுக்கு 30 நிமிடம் முன்னால்தான் ஒலிக்கிறது. பஸ் பிடித்து வர அது போதாது.

டிக்கோயா_கீபோர்ட்

முதலாவது: அவர்கள் தனி ஜிமெயில் பாவிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கூகுள் கேலண்டரில் அழைப்பை யாரிடமிருந்து தானாகச் சேர்ப்பது என்று ஒரு செட்டிங் இருக்கிறது: எல்லாரிடமிருந்தும், தெரிந்த அனுப்புநரிடமிருந்து மட்டும், மின்னஞ்சலில் பதில் போட்ட பிறகு மட்டும். உங்கள் பொதுக் கணக்கு புதிது, அவர்களோடு இதுவரை கடிதப் போக்குவரத்து இல்லை, ஆகவே "தெரியாதவர்". பொதுக் கணக்கின் முகவரியை அவர்களுடைய கொன்டாக்ட்ஸில் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது வந்த அழைப்பில் ஒருமுறை "ஆம்" அழுத்தட்டும். செட்டிங்கை "எல்லாரிடமிருந்தும்" என்று மாற்றச் சொல்லாதீர்கள், விளம்பர அழைப்புகள் வந்து குவியும். அதன் பிறகும் தெரியாவிட்டால் ஃபோனில் அந்தக் கணக்கின் கேலண்டர் சிங்க் அணைந்திருக்கும், டேட்டா மிச்சம் பிடிக்க அணைத்துவிடுவார்கள்.

இரண்டாவதுக்கு ஸ்கிரிப்டில் வழியில்லை. முன்னறிவிப்பு ஒவ்வொருவரின் கேலண்டருக்கும் தனித்தனி, அழைப்பவர் வைப்பது அழைப்பவருக்கு மட்டும்தான். ஒவ்வொருவரும் தன் கேலண்டரின் வழமை முன்னறிவிப்பை ஒருமுறை மாற்ற வேண்டும். பொகவந்தலாவை, மஸ்கெலியா ஆட்களுக்கு இரண்டு வைக்கச் சொல்லுங்கள்: ஒன்று கூட்டத்துக்கு முந்தைய நாள், ஒன்று 3 மணி நேரம் முன். அதுவரை, முந்தைய நாள் மாலை ஓடும் இன்னொரு டிரிகர் வைத்து மெயில்ஆப் மூலம் நினைவூட்டல் அனுப்பலாம். தனி ஜிமெயில் கணக்கில் நாளுக்கு 100 பெறுநர் எல்லை உண்டு, 16 பேருக்குப் பிரச்சினை இல்லை.

இன்னொன்றைக் கவனித்தேன், ரத்து செய்யும் கூட்டத்தின் வரியை யாரும் ஷீட்டில் டிலீட் பண்ணக்கூடாது. வரி போனால் ஐடியும் போகும், ஸ்கிரிப்டுக்கு அப்படி ஒரு கூட்டம் இருந்ததே தெரியாது. கேலண்டரில் அது நிற்கும், காலையில் நானுஓயாவிலிருந்து ஆள் கிளம்பி வந்துவிடுவார். ஐடி கொலத்தைப் பூட்டி, நிலை கொலத்தில் "ரத்து" என்பதைக் கீழிறங்கு பட்டியலில் வையுங்கள். ரிமூவ் அழைக்கும் வரியிலும் சென்ட்அப்டேட்ஸ் "ஆல்" இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அது விடுபட்டால் அவர்களுக்குச் சொல்லாமலேயே கூட்டம் கேலண்டரிலிருந்து மறைந்துவிடும்.